பைத்தானில் திரை ஜாய்ஸ்டிக்: வட்டம் வரைவது எளிது, விட்டதும் நிற்பதுதான் வேலை

பைத்தானில் திரை ஜாய்ஸ்டிக் செய்யலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் வரையத்தான் தொடங்குவார்கள். பெரிய வட்டம் ஒன்று, உள்ளே சின்ன வட்டம் ஒன்று, மவுஸை இழுத்தால் சின்னது கூடவே வர வேண்டும். இருபது முப்பது வரியில் முடிந்துவிடும். ஆனால் மறுமுனையில் இருப்பது ரோபோவோ, விளையாட்டோ, கேமராவைத் திருப்பும் மோட்டாரோ, எதுவானாலும் அதற்கு அந்த வட்டம் தெரியப்போவதில்லை. அதற்குப் போய்ச் சேர்வது இரண்டு எண்கள் மட்டுமே. அந்த எண்கள் சரியாக வருகின்றனவா, கையை எடுத்த கணத்தில் பூஜ்ஜியமாகின்றனவா என்பதுதான் கேள்வி.

ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பிரிவினை. கணக்கு எல்லாம் ஒரு கிளாஸில், திரை எல்லாம் இன்னொன்றில். கணக்கு கிளாஸுக்கு டிகிண்டர் (பைத்தானில் விண்டோ வரையும் நூலகம்) என்றால் என்னவென்றே தெரியக் கூடாது. புள்ளியைக் கொடுத்தால் இரண்டு எண்களைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு டிகிண்டரிலிருந்து கிவி என்ற இன்னொரு நூலகத்துக்கு மாறினாலும், பின்னால் வரும் ஒரே ஒரு குறியைத் தவிரக் கணக்கைத் தொட வேண்டியிருக்காது. விண்டோவே திறக்காமல் சோதித்தும் பார்க்கலாம்.

எதில் வரைவது?

மவுஸால் மட்டும் இழுக்கப்போகிறீர்கள் என்றால் டிகிண்டர் போதும். பைத்தானோடு பெரும்பாலும் சேர்ந்தே வரும். உபுண்டு, டெபியன் போன்றவற்றில் தனிப் பேக்கேஜாக நிறுவ வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஒரு விளையாட்டு லூப் ஓடிக்கொண்டிருந்தால் பைகேம். பட்டன்கள், வரைபடங்கள், அமைப்புப் பலகைகள் நிறைந்த கட்டுப்பாட்டுத் திரை என்றால் பைசைடு. டச் ஸ்கிரீனில் இரண்டு கட்டைவிரலாலும் இயக்க வேண்டுமா, டிகிண்டரை மறந்துவிடுங்கள். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சுட்டி. கிவி அல்லது பைகேம் 2 பக்கம் போக வேண்டும்.

கணக்கு

மையம் (150, 150), ஆரம் 100 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். மவுஸ் (270, 60)-இல் இருக்கிறது. மையத்திலிருந்து கிடைமட்ட விலகல் 120, செங்குத்து விலகல் -90. இரண்டையும் மேத் மாட்யூலின் ஹைப்பாட்டில் கொடுத்தால் தொலைவு 150. ஆரத்தை விட அதிகம், ஆகவே குமிழை வட்டத்துக்குள் இழுத்துப் பிடிக்க வேண்டும். 100-ஐ 150-ஆல் வகுத்து வரும் மூன்றில் இரண்டு பங்கால் இரு விலகல்களையும் பெருக்கினால் 80, -60. குமிழ் வரைய வேண்டிய இடம் (230, 90). ஆரத்தால் வகுத்தால் வெளியீடு 0.8, -0.6. திரையில் ஒய் கீழ்நோக்கி வளர்வதால் குறியைப் புரட்டி 0.8, 0.6 என்று அனுப்புவோம். இந்தப் புரட்டலைக் கணக்கு கிளாஸில் ஒரே ஒரு இடத்தில் செய்யுங்கள். வரையும் இடத்தில் ஒரு முறையும் அனுப்பும் இடத்தில் இன்னொரு முறையும் புரட்டினால், முன்னே தள்ளும்போது ரோபோ பின்னே வரும்.

இங்கே அடிக்கடி பார்க்கும் தவறு, எக்ஸையும் ஒய்யையும் தனித்தனியே -100-க்கும் 100-க்கும் இடையில் வெட்டுவது. மேலே உள்ள அதே புள்ளியில் அப்படிச் செய்தால் விலகல்கள் 100, -90 ஆகும். குமிழ் வட்டத்துக்கு வெளியே, சதுரத்தின் மூலைப் பக்கமாகப் போய் நிற்கும். பார்வைக்குத்தான் கோளாறு என்று விட்டுவிட முடியாது, திசையே மாறிவிடுகிறது: கை காட்டியது சுமார் 37 டிகிரி, போய்ச் சேர்வது 42 டிகிரி. மவுஸை வட்டத்துக்கு வெளியே எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவுக்குத் திசை 45 டிகிரியை நோக்கிச் சரியும். வெட்டுவது எப்போதும் தொலைவைத்தான், அச்சுகளை அல்ல.

தொலைவு பூஜ்ஜியமாக இருக்கும்போது அதனால் வகுக்கக் கூடாது. குமிழின் நட்டநடுவில் அழுத்தினால் மட்டுமே வரும் பிழை என்பதால் சோதனையில் தப்பி, பிறகு ஒருநாள் நிரலைக் கவிழ்க்கும். டெட் ஸோனுக்குள் (நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத சிறு பகுதி) இருந்தால் உடனே (0, 0) திருப்பிவிடுவது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

டெட் ஸோன் எதற்கு?

உண்மையான ஜாய்ஸ்டிக்கில் குச்சியின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டர் நடுவில் சரியாக நிற்காது, அதற்காக டெட் ஸோன். திரை ஜாய்ஸ்டிக்கில் மின்னணு நடுக்கம் கிடையாது, பிறகெதற்கு என்று கேட்கலாம். விரல் நடுங்கும். குமிழைத் தொடும்போதே இரண்டு மூன்று பிக்சல் நகர்ந்துவிடும். ஆரம் 100 என்றால் 3 பிக்சல் என்பது 0.03, மோட்டாருக்கு அது முனகலாகக் கேட்கும். மவுஸுக்கு 0.05, விரலுக்கு 0.1 என்று தொடங்கலாம்.

போடும் விதம் முக்கியம். 0.1-க்குக் கீழே எல்லாம் பூஜ்ஜியம் என்று மட்டும் எழுதினால், 0.1-ஐத் தாண்டியதும் வெளியீடு பூஜ்ஜியத்திலிருந்து 0.11-க்குக் குதிக்கும். மெதுவாக நகர்த்தவே முடியாது. டெட் ஸோனைக் கழித்துவிட்டு மீதியை நீட்ட வேண்டும்: தொலைவிலிருந்து 0.1-ஐக் கழித்து 0.9-ஆல் வகுங்கள். இப்போது 0.11 என்பது சுமார் 0.011 ஆகும், விளிம்பில் 1 அப்படியே 1 ஆக இருக்கும். இதையும் தொலைவின் மீதுதான் செய்ய வேண்டும். அச்சு அச்சாகச் செய்தால் கிடைமட்டத்தை ஒட்டி நகர்த்தும்போது குமிழ் கோட்டில் ஒட்டிக்கொண்டதுபோல வரும். மெனுவில் நகர அது வசதிதான், வண்டி ஓட்ட எரிச்சல்.

நடுப்பகுதியில் நுணுக்கம் வேண்டுமென்றால் ஆர்சி (ரிமோட்டில் இயங்கும்) விமானக்காரர்கள் எக்ஸ்போ என்று சொல்லும் வளைவைச் சேர்க்கலாம். அளவின் ஒரு பங்கும் அதன் மும்மடியின் ஒரு பங்கும் சேர்ந்த கலவை அது. பாதிக்குப் பாதி கலந்தால் 0.5 தள்ளும்போது 0.3125 வரும், முழுதும் தள்ளினால் 1. இங்கேயும் அதே எச்சரிக்கை: 0.8, 0.6 என்பதை அச்சு அச்சாக வளைத்தால் 0.656, 0.408 ஆகி, 37 டிகிரி 32 டிகிரிக்கு இறங்கிவிடும். அளவை வளையுங்கள், திசையைத் தொடாதீர்கள்.

டிகிண்டரில் பொருத்துவது

கேன்வாஸ் 300-க்கு 300, அடிவட்டம் ஆரம் 100, குமிழ் ஆரம் 40. கேன்வாஸ் உருவாக்கும்போது ஹைலைட்திக்னஸை 0 ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் சுற்றிலும் ஓரிரு பிக்சல் விளிம்பு உட்கார்ந்து, மையம் கொஞ்சம் தள்ளிப்போகும். குமிழை ஒரு தடவை கிரியேட் ஓவல் மூலம் உருவாக்கி, வரும் ஐடியை வைத்துக்கொண்டு, அதன் பிறகு கோஆர்ட்ஸ் மூலம் நகர்த்துங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் அழித்து அழித்துப் புதிதாக வரைந்தால் முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. அழிக்க மறந்த ஒரு பாதை இருந்தால் போதும், ஆயிரக்கணக்கில் ஓவல்கள் குவிந்து மெதுவாக இழுக்கத் தொடங்கும்.

பைண்ட் செய்ய வேண்டியவை மூன்று: இடது பட்டன் அழுத்தல், அழுத்தியபடி நகர்தல், விடுதல். குமிழின் ஓரத்தில் பிடித்தால் குமிழின் மையம் சட்டென்று சுட்டிக்குக் கீழே தாவும். அழுத்திய கணத்தில் சுட்டிக்கும் குமிழ் மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, நகரும்போதெல்லாம் அதைக் கழித்துவிட்டால் தாவல் போய்விடும். விளையாட்டுகளில் மாறாக, அடிவட்டத்தில் எங்கே தொட்டாலும் அங்கே குமிழ் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இரண்டும் சரி, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் திரை 125 அல்லது 150 சதவீதம் பெரிதாக்கப்பட்டிருந்தால் வட்டங்கள் மங்கலாகத் தெரியும். நிரல் டிபிஐ அறிந்தது (திரைப் பெரிதாக்கத்தைத் தானே கவனித்துக்கொள்ளும்) என்று விண்டோவைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், திறந்த பின் சொல்லிப் பயனில்லை.

விட்டால் நிற்க வேண்டும்

சுட்டி கேன்வாஸை விட்டு வெளியே போனால் லீவ் ஈவென்ட் வரும், அதில் குமிழை நடுவுக்குக் கொண்டுவரலாம் என்று பலர் எழுதுகிறார்கள். வேண்டாம். முழு வேகத்தில் போகும்போது கை தானாகவே வட்டத்தைத் தாண்டி வெளியேதான் போகும். பட்டன் அழுத்தியிருக்கும் வரை டிகிண்டர் அந்த அசைவுகளையும், வெளியே போய்ப் பட்டனை விட்டாலும் அந்த விடுதல் ஈவென்ட்டையும், அதே கேன்வாஸுக்குத்தான் அனுப்பும். லீவ் பக்கமே போகத் தேவையில்லை.

சிக்கல், விடுதல் ஈவென்ட் வராமலே போகும் நேரங்களில். இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு எச்சரிக்கைப் பெட்டி குதித்து வருகிறது, ஆல்ட் டேப் அழுத்திவிடுகிறார்கள், திரை பூட்டிக்கொள்கிறது. குமிழ் 0.8-இல் அப்படியே நிற்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். முதன்மை விண்டோவில் ஃபோகஸ் அவுட் (வேறு விண்டோவுக்குக் கவனம் மாறுவது), அன்மேப் (விண்டோ மறைவது) இரண்டு ஈவென்ட்டையும் பிடித்து, விடுதலுக்கு ஓடும் அதே ஃபங்ஷனை அழையுங்கள். அந்த ஃபங்ஷன் இரண்டு முறை ஓடினாலும் கெடுதல் இல்லாதபடி எழுத வேண்டும், ஏனென்றால் ஓடும். பைகேம் 2-இல் இதற்கு இணையாக விண்டோ ஃபோகஸ் லாஸ்ட் ஈவென்ட் இருக்கிறது.

குமிழ் நடுவுக்குத் திரும்புவதை 100 மில்லிசெகண்டில் வழுக்கிவரும்படி அனிமேஷன் செய்தால் அழகாக இருக்கும். செய்யுங்கள். ஆனால் வெளியீட்டு எண்ணைக் குமிழின் இடத்திலிருந்து எடுக்காதீர்கள். கை விட்ட கணத்தில் எண் பூஜ்ஜியம், படம் தன் வேகத்தில் வரட்டும். அழகுக்காகப் போட்ட வழுக்கல் பிரேக் பிடிக்கும் தூரத்தைக் கூட்டக் கூடாது.

அனுப்புவது

மவுஸ் நகரும் ஒவ்வொரு முறையும் சீரியல் போர்ட்டில் ஒரு வரி எழுதுவது இயல்பாகத் தோன்றும், கெடுப்பதும் அதுதான். பெரும்பாலான மவுஸ்கள் வினாடிக்கு 125 முதல் 1000 முறை வரை தகவல் தரும். நிரலுக்கு 500 அசைவுகள் வந்து, ஒவ்வொன்றுக்கும் 12 பைட் வரி போகிறது என்றால் வினாடிக்கு 6000 பைட். 9600 பாட் (வினாடிக்கு 9600 பிட்) இணைப்பு, பைட்டுக்கு 10 பிட் செலவாவதால், ஒரு வினாடியில் தாங்குவது 960 பைட். ஒரு வினாடி இழுத்ததை அனுப்பி முடிக்க ஆறு வினாடிக்கு மேல் ஆகும். கையை எடுத்த பிறகும் வரிசையில் நிற்கும் பழைய கட்டளைகளை ரோபோ ஒழுங்காக நிறைவேற்றிக்கொண்டிருக்கும். பஃபர் நிறைந்தால் எழுதும் வரியே தடைபட்டு விண்டோவும் உறையும். பாட் வேகத்தை 115200 ஆக்கினால் நோய் மறையும், தீராது.

அசைவு ஈவென்ட் செய்ய வேண்டியது கடைசி நிலையைக் குறித்துவைப்பது மட்டும். அனுப்புவதை ஒரு டைமர் பார்த்துக்கொள்ளட்டும். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 50, பெரும்பாலான ரோபோக்களுக்குத் தாராளம். டிகிண்டரின் ஆஃப்டரில் 20 என்று கொடுத்தாலும் விண்டோஸில் டைமரின் இயல்புத் துல்லியம் சுமார் 15.6 மில்லிசெகண்ட் என்பதால் சில நேரம் 31 வரை இழுக்கும். எண்ணை நேரத்தால் பெருக்கி எதையாவது கணக்கிடுகிறீர்கள் என்றால் 20 என்று நம்பாமல், டைம் மாட்யூலின் பெர்ஃப் கவுண்ட்டரை வைத்து உண்மையான இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். எந்த ஈவென்ட்டுக்குள்ளும் ஸ்லீப் போடாதீர்கள். அனுப்பும் வேலையைத் தனி த்ரெட்டில் வைத்தால் அங்கிருந்து கேன்வாஸைத் தொடாதீர்கள். இடையில் ஒரு கியூ வையுங்கள்.

கை எடுத்த பிறகும் பூஜ்ஜியத்தை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மாறினால் மட்டும் அனுப்புவோம் என்று சிக்கனம் பார்த்தால், யூடிபியில் (சேர்ந்ததா என்று சரிபார்க்காமல் வலையில் அனுப்பும் முறை) அந்த ஒரு பூஜ்ஜிய பாக்கெட் தொலைந்தால் கதை முடிந்தது. மறுமுனையில் கட்டாயம் ஒரு வாட்ச்டாக்: 300 மில்லிசெகண்டுக்குப் புதிய பாக்கெட் வரவில்லை என்றால் மோட்டார் நிற்க வேண்டும். இதைக் கணினிப் பக்கம் எழுதிப் பயனில்லை, வைஃபை அறுந்த நேரத்தில் அந்த நிரலால் எதையும் சொல்ல முடியாது. வைஃபை அறாமலும் இது நடக்கும்: விண்டோஸில் பைகேம் விண்டோவின் தலைப்புப் பட்டையைப் பிடித்து நகர்த்தும்போது ஈவென்ட் லூப் நின்றுவிடும். அனுப்புதலும் அதே லூப்பில் இருந்தால் அதுவும் நிற்கும். வாட்ச்டாக் இல்லாத வண்டி கடைசியாகக் கேட்ட கட்டளையோடு போய்க்கொண்டிருக்கும்.

பாக்கெட்டில் பட்டன்களுக்கு 1 பைட், எக்ஸ், ஒய் இரண்டுக்கும் தலா 2 பைட், வரிசை எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால் மொத்தம் 9. ஸ்ட்ரக்ட் மாட்யூலில் வடிவச் சரத்தின் முன்னால் 'சிறியது' குறியை (<) போட மறந்தால், பைத்தான் இந்தக் கணினிக்கு ஏற்ப இடைவெளி சேர்த்து 12 பைட்டாகக் கட்டிவிடும். மறுமுனையில் 9 எதிர்பார்த்து நிற்கும் நிரலுக்கு எல்லாம் குழம்பும். வரிசை எண் எதற்கென்றால், யூடிபியில் பழைய பாக்கெட் பிந்தி வந்தால் தூக்கிப்போட.

ஆர்டுயினோ ஊனோவாக இருந்தால் இன்னொன்று: சீரியல் போர்ட்டைத் திறந்ததும் போர்டு ரீசெட் ஆகும். 2 வினாடி பொறுத்துவிட்டு அனுப்பத் தொடங்குங்கள்.

இரண்டு சக்கர வண்டிக்கு எக்ஸ், ஒய்யைச் சக்கர வேகமாக மாற்ற வேண்டும். இடது என்பது ஒய்யும் எக்ஸும் கூட்டியது, வலது என்பது ஒய்யிலிருந்து எக்ஸைக் கழித்தது. 0.8, 0.6-க்கு இடது 1.4, வலது -0.2. 1.4-ஐ வெறுமனே 1 ஆக வெட்டினால் திருப்பம் கெடும், இரண்டையும் 1.4-ஆல் வகுத்து 1, -0.143 என்று அனுப்புங்கள். இரண்டும் 1-க்குள் இருக்கும்போது வகுக்க வேண்டாம். சர்வோவுக்கோ ஆர்சி ரிசீவருக்கோ என்றால் 1500-ஓடு 500 மடங்கு எண்ணைக் கூட்டினால் 1000 முதல் 2000 மைக்ரோசெகண்ட் வரை வரும்.

இரண்டு கட்டைவிரல்

டச் திரையில் இரண்டு ஜாய்ஸ்டிக் வைக்கும்போது எந்த விரல் எந்தக் குமிழைப் பிடித்தது என்று நினைவு வைக்க வேண்டும். விரல் ஐடியைச் சாவியாகவும் ஜாய்ஸ்டிக்கை மதிப்பாகவும் கொண்ட ஒரு டிக்ஷனரி. தொட்டதும் சேர், நகர்ந்தால் தேடு, எடுத்ததும் நீக்கு. விரல் இப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தால், இடது விரல் நடுக்கோட்டைத் தாண்டும்போது வலது குமிழ் துள்ளும்.

பைகேமில் ஃபிங்கர் ஈவென்ட்களின் எக்ஸ், ஒய் பிக்சலில் வராது, 0 முதல் 1 வரை வரும். விண்டோவின் அகலம், உயரத்தால் பெருக்க வேண்டும். அதே தொடுதலுக்கு மவுஸ் ஈவென்ட்டும் சேர்ந்து வரும். அதில் டச் என்ற பண்பு உண்மையாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கிவியில் தொட்டதும் கிராப் செய்து, விடும்போது அன்கிராப் செய்ய வேண்டும், நகரும்போது கிராப் கரண்ட் நம்முடைய விட்ஜெட்தானா என்று பார்க்க வேண்டும். கிவியில் ஒய் மேல்நோக்கி வளரும் என்பதால் மேலே சொன்ன குறிப் புரட்டல் அங்கே கூடாது. மேசைக் கணினியில் சோதிக்கும்போது வலது கிளிக்கில் சிவப்புப் புள்ளி ஒட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம், மவுஸை வைத்து இரண்டு விரலைப் போலச் செய்யும் கிவியின் வசதி அது. கான்ஃபிக்கில் அணைத்துவிடலாம்.

விரலே குமிழை மறைத்துவிடும் என்பதால் நிலையான மையத்தை விட மிதக்கும் மையம் நல்லது. திரையின் இடப்பாதியில் எங்கே விரல் பட்டாலும் அதுவே மையம், அடிவட்டம் அங்கேயே தோன்றும். பார்க்காமல் ஓட்ட இதுதான் வசதி.

டிரோனுக்கு மோட் 2 என்ற குச்சி அமைப்பு என்றால் இடது குச்சியின் செங்குத்து அச்சு த்ராட்டில், அதாவது மோட்டார் வேகம். அது நடுவுக்குத் திரும்பக் கூடாதென்று விட்டுவைப்பது வழக்கம். கிடைமட்டம் மட்டும் திரும்பும். ஆகவே திரும்புதலை அச்சுக்கு ஒன்றாக அமைக்கும்படி கிளாஸை எழுதிவையுங்கள்.

விளையாட்டுகளுக்கு நிஜ கேம்பேட் போலக் காட்ட விண்டோஸில் விகேம்பேட் என்ற பைத்தான் நூலகம், லினக்ஸில் பைத்தான் ஈவ்டெவ் நூலகம் வழியாக யூஇன்புட் (நிரலிலிருந்தே உள்ளீட்டுச் சாதனம் உருவாக்கும் வசதி). விகேம்பேடில் மதிப்பைக் கொடுத்த பிறகு அப்டேட்டை அழைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது. லினக்ஸில் யூஇன்புட் சாதனத்தில் எழுத அனுமதி வேண்டும்; அதற்காக முழு நிரலையும் ரூட்டாக ஓட்டாமல் ஒரு யூடெவ் விதி (சாதன அனுமதியை அமைக்கும் கோப்பு) எழுதிவிடுவது நல்லது. இரண்டுக்கும் எல்லை -32768 முதல் 32767 என்று வைத்துக்கொள்ளலாம், 32767-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் விண்டோஸ் பக்கம் மேலே தள்ளுவது கூட்டல், லினக்ஸ் பக்கம் மேலே தள்ளுவது கழித்தல். கணக்கு கிளாஸைத் தொடாமல், லினக்ஸுக்கு அனுப்பும் கடைசி வரியில் மட்டும் குறியை மாற்றுங்கள்.

வண்டியைத் தரையில் விடுவதற்கு முன் சக்கரங்கள் தொடாதபடி ஒரு கட்டை மீது ஏற்றிவைத்து, முழுதும் முன்னே தள்ளியபடி மூன்று காரியம் செய்து பாருங்கள்: வேறு விண்டோவுக்கு மாறுங்கள், வைஃபையை அணையுங்கள், நிரலைக் கட்டாயமாகக் கொல்லுங்கள். மூன்றிலும் சக்கரம் அரை வினாடிக்குள் நிற்க வேண்டும். முதலாவதில் நிற்கவில்லை என்றால் ஃபோகஸ் அவுட்டைப் பாருங்கள். மற்ற இரண்டில் நிற்கவில்லை என்றால் பைத்தான் பக்கம் தேடாதீர்கள், வாட்ச்டாக் ஓடவில்லை.